லேவியராகமம் வந்ததும் நின்றுபோகிறது: தினசரி வேத வாசிப்பைத் தொடர என்ன வழி?

துறைமுகக்காற்று கேட்டது:

ஸ்தோத்திரம். ஜனவரி 1 அன்று வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் ஆரம்பம். வார நாளில் மூன்று அதிகாரம், ஞாயிறு ஐந்து. யாத்திராகமம் பாதிவரை நன்றாகப் போகும். மூன்றாம் புத்தகமான லேவியராகமம் வந்ததும் நாலு நாள் விட்டுப்போகும், அதோடு சரி. ஷிஃப்ட் வேலை: ஒரு வாரம் காலை 6 மணி, அடுத்த வாரம் ராத்திரி 10 மணி. அதனால் "அதிகாலையில் எழுந்து வாசியுங்கள்" என்பது எனக்கு ஒத்துவராது. கையில் இருப்பது பழைய மொழிபெயர்ப்பு, போனில் ஒரு ஆப். எங்கே பிடித்து ஆரம்பிக்கலாம்?

பென்சில்கோடு:

பிரதர், உங்கள் பக்திக்கு ஒரு குறையும் இல்லை, கணக்குதான் இடிக்கிறது. வேதாகமத்தில் 1189 அதிகாரம்: பழைய ஏற்பாடு 929, புதிய ஏற்பாடு 260. நீங்கள் சொல்லும் திட்டத்தில் வாரத்துக்கு 23 அதிகாரம், வருஷத்துக்கு 1199. அதாவது 365 நாளில் மொத்தம் பத்து அதிகாரம்தான் இடைவெளி. ஒரு காய்ச்சல், ஒரு ஊர்ப்பயணம் போதும், அந்தப் பத்தும் காலி.

அடுத்தது வரிசை. இந்த வேகத்தில் போனால் ஜனவரி 24 வாக்கில் யாத்திராகமம் 25 வரும். அங்கிருந்து ஆசரிப்புக் கூடாரத்தின் (இஸ்ரவேலர் வனாந்தரத்தில் சுமந்துபோன வழிபாட்டுக் கூடாரம்) முழக்கணக்கு, பலகை, கொக்கி, திரை. அதே விவரம் 35ஆம் அதிகாரத்திலிருந்து மறுபடி வரும். மூச்சு விடுவதற்குள் மாதக் கடைசியில் லேவியராகமம். அதையும் தாண்டினால் எண்ணாகமம் 7: 89 வசனம், பன்னிரண்டு பிரபுக்கள், பன்னிரண்டு நாள், 130 சேக்கல் வெள்ளித்தாலமும் 70 சேக்கல் வெள்ளிக்கலமும் பன்னிரண்டு தடவை. ஜனவரி உற்சாகம் வடிகிற நேரமும் கடினமான பகுதி வருகிற நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகிறது. பலரும் அங்கேயே நிற்பதற்கு இதுதான் காரணம்.

முதல் வருஷம் புதிய ஏற்பாடு மட்டும் வாசியுங்கள். 260 அதிகாரம், வாரத்துக்கு ஐந்து நாள், 52 வாரம். கச்சிதமாக வரும். வாரத்தில் இரண்டு நாள் காலி. விட்டுப்போனதை அந்த நாளில் வாசிக்கலாம், விடவில்லை என்றால் ஒரு சங்கீதம். மாற்குவில் தொடங்குங்கள், 16 அதிகாரம்தான், சம்பவம் சம்பவமாக ஓடும். பிறகு அப்போஸ்தலர் நடபடிகள், அதன்பின் லூக்கா. நிருபங்களை, அதாவது கடிதங்களை, அதற்கப்புறம் எடுத்தால் பவுல் எந்த ஊருக்கு எழுதுகிறார் என்பது தெரிந்திருக்கும்.

விட்ட நாட்களையெல்லாம் ஒரே நாளில் சேர்த்துப் பிடிக்கவே கூடாது என்பது என் கட்சி. நாலு நாள் விட்டால் பன்னிரண்டு பாக்கி, அன்றையது மூன்று, ஆக பதினைந்து. அந்தப் பதினைந்தைப் பார்த்ததும் பைபிள் மூடிவிடும். தேதி போட்ட அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பக்க அடையாளத்துக்கு ஒரு நாடா வையுங்கள். நாடா எங்கே இருக்கிறதோ அங்கிருந்து வாசிப்பு. ஆப்பில் தொடர்ந்து வாசித்த நாட்களை எண்ணிக் காட்டும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். 41 என்று காட்டியது மறுநாள் 0 ஆனால், அந்தப் பூஜ்யமே ஆளைக் கவிழ்த்துவிடும்.

நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல் தூங்கி எழுவதோடு கட்டுங்கள். காலை 4 மணிக்கு எழுந்தாலும் பகல் 2 மணிக்கு எழுந்தாலும் முதல் டீ உண்டல்லவா, அந்த டம்ளர் பக்கத்தில் பைபிள். வாசித்து முடிக்கும்வரை போன் வேறு அறையில். ஆப்பைத் திறக்கப் போனால் வழியிலேயே வாட்ஸ்அப் பிடித்துக்கொள்ளும். அதில் வருகிற வாக்குத்தத்த அட்டையை (ஒரு வசனம் மட்டும் போட்ட படம்) பார்த்ததை வாசிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று சொல்லும் எரேமியா 29:11 அட்டையில் அழகாகத்தான் இருக்கும். அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் பாபிலோனில் இருக்கவேண்டும் என்று இருக்கிறதே, அதை யாரும் அட்டையில் போடுவதில்லை.

துறைமுகக்காற்று:

நன்றி பிரதர். மாற்கு 2 இன்று வாசித்தேன். பத்து நிமிஷத்தில் முடிந்தது, மூடியதும் ஒன்றும் நிற்கவில்லை. பாதி வார்த்தை பழசாகவும் இருக்கிறது.

மறைமணி:

குறுக்கே வருகிறேன், நான் கத்தோலிக்கப் பக்கம். வார்த்தை தடுக்கினால் பொது மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வையுங்கள். திமிர்வாதக்காரன் என்பது அதில் முடக்குவாதமுற்றவர், வேதபாரகர் என்பது மறைநூல் அறிஞர், ஆயக்காரர் என்பது வரிதண்டுவோர். புத்தகப் பெயர்கள் மாறியிருக்கும், குழம்பவேண்டாம்: ஆதியாகமம் தொடக்கநூல், யாத்திராகமம் விடுதலைப்பயணம், உபாகமம் இணைச்சட்டம். எங்கள் கணக்கில் 73 நூல், எனவே உங்களிடம் இல்லாத சீராக், தோபித்து எல்லாம் நடுவில் வரும்.

அளவு விஷயத்திலும் இன்னொரு வழி உண்டு. திருப்பலியில் (எங்கள் ஆலய வழிபாட்டில்) அன்றைக்கென்று குறித்த வாசகங்களையே தினமும் வாசிப்பது: முதல் வாசகம், பதிலுரைப் பாடல், நற்செய்தி. நற்செய்தி பெரும்பாலும் பத்துப் பதினைந்து வசனம்தான். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சி. பொதுக்காலத்தில் (கிறிஸ்துமஸ், தவக்காலம், பாஸ்கா போன்ற சிறப்புக் காலங்கள் தவிர்த்த நாட்கள்) வார நாளில் முதல் வாசகம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வரும். பொதுக்கால வார நாட்களில் நற்செய்தி முதல் 9 வாரம் மாற்கு, 10 முதல் 21 வரை மத்தேயு, அதன்பின் லூக்கா. ஒரு நாள் தவறினால் அன்றைய நாளுக்கானதை எடுத்தால் போதும், பாக்கி என்ற பேச்சே இல்லை. அதே வாசகத்தைப் பங்கில் (ஆலயச் சமூகத்தில்) எல்லோரும் கேட்டிருப்பார்கள், பேச ஆள் கிடைக்கும். பழைய ஏற்பாடு முழுக்க இதில் வராது, அதை மறைக்கவில்லை.

பென்சில்கோடு:

மறைமணி சொன்ன வார்த்தை யோசனை சரி. ஆனால் தினமும் இரண்டு மொழிபெயர்ப்பையும் முழுசாக வாசிக்க இறங்காதீர்கள், நேரம் இரட்டிப்பாகும். பழையதையே வாய்விட்டு வாசியுங்கள், தடுக்கிய வசனத்துக்கு மட்டும் மற்றது. சந்தியில் ஒட்டிய நீள வார்த்தைகளைக் கண் தாவிவிடும், வாய் தாவாது.

மனதில் நிற்க ஒரு 40 பக்க நோட்டு போதும். நாளுக்கு மூன்று வரி: எந்தப் பகுதி, கண்ணில் பட்ட ஒரு விஷயம், ஒரு கேள்வி. "தேவன் நல்லவர்" மாதிரி எழுதினால் எல்லா நாளும் ஒரே வரியாகிவிடும். வசனத்தில் உள்ள பொருளை எழுதுங்கள். மாற்கு 2இல் நாலு பேர் ஒருவனைச் சுமந்து வருகிறார்கள், கூட்டம் வழிவிடவில்லை, மேற்கூரையைப் பிரிக்கிறார்கள். ஐந்தாம் வசனத்தில் இயேசு கண்டது "அவர்கள் விசுவாசத்தை". "அவன்" இல்லை, "அவர்கள்". படுத்திருந்தவன் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இதை எழுதினால் இரண்டாவது வரி ஆயிற்று. மூன்றாவதாக, அந்த வீட்டுக்காரர் கூரையைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்டு வையுங்களேன்.

அதிகார நீளத்தையும் முன்கூட்டிப் பாருங்கள். லூக்கா 1இல் 80 வசனம், அதை இரண்டு நாளாக உடைக்கலாம். சங்கீதம் 119 என்றால் 176, எட்டெட்டு வசனமாக 22 பகுதி. பகுதிக்கு ஒரு நாள் என்று அதை மட்டுமே மூன்று வாரம் வைத்துக்கொள்ளலாம்.

குத்துவிளக்கு:

குடும்ப ஜெபத்தில் வாசிப்பவர்களுக்கும் ஒன்று. ஆளுக்கொரு வசனம் என்று சுற்றிவிட்டால் பிள்ளைகள் தங்கள் முறை எந்த வசனம் என்று எண்ணிப் பார்த்து அதையே மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும், மற்றது காதில் ஏறாது. ஒருவரே முழுப் பகுதியையும் வாசித்துவிட்டு, "கூரையை யார் பிரித்தார்கள்?" என்று ஒரே கேள்வி. ஐந்து நிமிஷம் தாண்டினால் சின்னது தூங்கிவிடும்.

துறைமுகக்காற்று:

கடைசியாக ஒன்று: லேவியராகமத்தை எப்போதுதான் வாசிப்பது?

பென்சில்கோடு:

எபிரெயருக்கு எழுதின நிருபம் முடித்த அடுத்த வாரம். எபிரெயர் 9ஐயும் 10ஐயும் வாசித்த கையோடு லேவியராகமம் 16க்குப் போங்கள், பாவநிவாரண நாள். இரண்டு வெள்ளாட்டுக்கடா, ஒன்று பலி, ஒன்று வனாந்தரத்துக்கு. அங்கிருந்து 1ஆம் அதிகாரத்துக்குத் திரும்பி வந்தால் அந்த இரத்தமும் பலிபீடமும் எதற்கு என்பது தெரிந்தே வாசிப்பீர்கள். நாளுக்கு ஒரு அதிகாரம், 27 நாள். 13, 14 குஷ்டரோகச் சட்டம், இரண்டும் சேர்ந்து 116 வசனம். அதற்கு மட்டும் நாலு நாள் ஒதுக்கிவிடுங்கள், முப்பது நாளுக்குள் லேவியராகமத்தைத் தாண்டிவிடலாம்.