சில்டு வாட்டர் லூப்பில் தண்ணீர் எவ்வளவு: டிராயிங் கணக்கா, நைட்ரைட் சோதனையா?

பம்ப்ரூம்_கோவை
எல்லோருக்கும் வணக்கம். நான் பார்ப்பது ஆறு மாடி அலுவலகக் கட்டடம். ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் 120 டன் ஸ்க்ரூ சில்லர் இரண்டு, குளிர்விக்கும் திறன் மொத்தம் 240 டன். கட்டி ஒப்படைத்த ஃபைலில், சில்லருக்கும் மாடிகளுக்கும் இடையே சுற்றும் குழாய் லூப்பில் எத்தனை லிட்டர் தண்ணீர் என்று எங்கேயும் எழுதவில்லை. டிராயிங்கை விரித்து வைத்து நான் போட்ட கணக்கு 8,460 லிட்டர். துருவைத் தடுக்கும் கெமிக்கல் போட வந்தவர் நைட்ரைட் சோதனை செய்துவிட்டு 12,500 என்கிறார். யாரை நம்புவது?
இன்னொரு தொல்லை. ஞாயிறு பிளாண்ட் நின்றால் திங்கள் காலை சேஃப்டி வால்வுக்குக் கீழே தரை நனைந்து கிடக்கிறது. சூடாகிப் பெருகும் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் எக்ஸ்பான்ஷன் டேங்க் 45 லிட்டர் ஏற்கும் என்று டேட்டாஷீட்டில் இருக்கிறது.

பழைய_ஃபிட்டர்
டிராயிங்கைத்தான் நம்பணும் தம்பி. குழாய் நீளமும் விட்டமும் கண்ணால் பார்க்கிற விஷயம். நான் சைட்டில் போடும் கணக்கு இது: இன்ச்சை அதே எண்ணால் பெருக்கிப் பாதியாக்கு, ஒரு மீட்டர் குழாயில் அத்தனை லிட்டர். 2 இன்ச்சுக்கு 2, 4 இன்ச்சுக்கு 8, 6 இன்ச்சுக்கு 18, 8 இன்ச்சுக்கு 32. பெரிய குழாய்களில் நூற்றுக்கு ஐந்து, ஆறுக்கு மேல் பிசகாது. சில்லருக்குள் இருக்கும் எவாப்பரேட்டர், மாடியில் காற்றைக் குளிர்விக்கும் ஏஎச்யூ காயில், இவற்றின் கொள்ளளவு டேட்டாஷீட்டில் கிடைக்கும். கூட்டினால் முடிந்தது.
சரிபார்க்க ஒரு தம்ப் ரூலும் இருக்கு: டன்னுக்கு 10 அமெரிக்கன் காலன், அதாவது 38 லிட்டர். 240 டன்னுக்கு 9,100 வரும். உன் கணக்குக்குப் பக்கத்திலேயே நிற்குது பார். லூப் பெரிதென்று சொன்னால் கெமிக்கல் டிரம் கூடப் போகும், அதையும் மனசில் வை.

நீர்_வேதியியல்
ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் டிரம் விற்கத்தான் சோதனை என்று சொல்வதை ஏற்க முடியாது. டிராயிங்கில் இருப்பது போடத் திட்டமிட்ட குழாய். லூப்பில் ஓடுவது போட்ட குழாய். இரண்டும் ஒன்றாக இருந்த பழைய கட்டடத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. எடை தெரிந்த பொருளைக் கரைத்து, செறிவு எவ்வளவு ஏறியது என்று அளந்தால் தண்ணீரே தன் அளவைச் சொல்லிவிடும்.
கோவை நண்பரே, எவ்வளவு போட்டார்கள், எவ்வளவு ஏறியது? எண்களைப் போடுங்கள்.

பம்ப்ரூம்_கோவை
3 கிலோ சோடியம் நைட்ரைட். முன்பு 310 பிபிஎம். புதுத் தண்ணீர் வரும் மேக்கப் வால்வை மூடி, இரண்டு சில்லர் பம்பும் ஓட விட்டோம். 6 மணி நேரம் கழித்து 470. மறுநாள் அதே நேரத்திலும் 470.

நீர்_வேதியியல்
சோடியம் நைட்ரைட்டில் மூன்றில் இரண்டு பங்குதான் நைட்ரைட். ஆக உள்ளே போனது 2 கிலோ. ஏறியது 160 பிபிஎம், லிட்டருக்கு 160 மில்லிகிராம். 20 லட்சம் மில்லிகிராமை 160-ஆல் வகுத்தால் 12,500. சோதனை செய்தவர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

பழைய_ஃபிட்டர்
வகுத்தல் சரி, அதை யாரும் மறுக்கலை. நைட்ரைட்டைத் தின்கிற பாக்டீரியா இருக்கிறதே, அதை என்ன செய்வீர்கள்? தம்பி கணக்குப்படி 8,460 லிட்டர் என்றால் 236 பிபிஎம் ஏறியிருக்கணும். 76 பிபிஎம்மை பாக்டீரியா தின்றிருந்தால் ஏற்றம் குறைவாகத் தெரியும், லூப் பெரிதாகத் தெரியும். உங்கள் சோதனையில் பிழை எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும். இதே மாதிரி ஒரு ஆஸ்பத்திரியில் ஏமாந்திருக்கிறேன். கொட்டக் கொட்ட நைட்ரைட் காணாமல் போனது.

நீர்_வேதியியல்
நல்ல கேள்வி. அந்தப் பிழை உண்மையிலேயே உண்டு. அதனால்தான் ஒரே ஒரு சாம்பிளை வைத்து முடிவு சொல்லக் கூடாது. ஆனால் தின்கிற பாக்டீரியா ஆறு மணி நேரத்தில் வயிறு நிறைந்து நிறுத்திவிடாது ஐயா. 6 மணி நேரத்தில் 470, மறுநாளும் 470. அளவு இறங்கவே இல்லை. உங்கள் ஆஸ்பத்திரியில் நாளுக்கு நாள் இறங்கியிருக்கும்.
உப்பு போட்டு கண்டக்டிவிட்டி (மின்கடத்தல்) பார்க்கலாம் என்று யாராவது சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன்: உப்பில் இருக்கும் குளோரைடை உள்ளே விடாதீர்கள். ஸ்டெயின்லெஸ் பிளேட் எக்ஸ்சேஞ்சர் இருந்தால் அரித்துவிடும்.

தோஹா_பைப்பிங்
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். தம்ப் ரூல் இங்கே சாட்சி சொல்ல முடியாது. டன் என்பது சில்லரின் அளவு. தண்ணீர் உட்கார்ந்திருப்பது குழாயில். அதே 240 டன் சில்லரைக் கட்டடத்தின் காலடியில் வைத்தால் ஒரு அளவு, நூறு மீட்டர் தள்ளி யார்டில் வைத்தால் வேறு அளவு. கம்பெனிகள் டன்னுக்கு 3 காலன் என்று சொல்வது கம்ப்ரெசர் அடிக்கடி நின்று நின்று ஓடாமல் இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவு. மொத்தம் எவ்வளவு இருக்கும் என்பதற்கு அது பதில் இல்லை.
உங்கள் சேஃப்டி வால்வையும் கேளுங்கள். 7 டிகிரித் தண்ணீர் ஞாயிறு முழுக்க நின்று 32 டிகிரிக்கு வந்தால் ஆயிரம் லிட்டருக்கு ஏறக்குறைய 5 லிட்டர் பெருகும். 8,460 லிட்டருக்கு 42 வரும், 45 லிட்டர் டேங்க்கில் அடங்கியிருக்கும். 12,500-க்கு 62. அடங்காது, வால்வு திறக்கும். குளிர்ந்ததும் பிரஷர் இறங்கி மேக்கப்பில் புதுத் தண்ணீர் வரும், கூடவே ஆக்சிஜனும் வரும்.
கோவை அண்ணா, நீங்கள் அளந்தது வெறும் கோட்டுப்படமான ஸ்கீமாட்டிக்கா, மாடிவாரி லே-அவுட்டா? சில்லருக்குத் திரும்பி வரும் ரிட்டர்ன் லைனைச் சேர்த்தீர்களா?

பம்ப்ரூம்_கோவை
ராத்திரி மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். மாடிக்குள் ஓடும் குழாய்களுக்கு லே-அவுட்டில் சப்ளை, ரிட்டர்ன் இரண்டும் எடுத்திருக்கிறேன். ஹெடரும் (பெரிய பொதுக் குழாய்) ரைசரும் (மாடிகளுக்கு ஏறும் குழாய்) மட்டும் ஸ்கீமாட்டிக்கில் இருந்து எடுத்தவை. அதில் இரண்டுக்கும் சேர்த்து ஒற்றைக் கோடுதான். 8 இன்ச் 60 மீட்டர், 6 இன்ச் 140 மீட்டர், இரண்டையும் ஒரே முறை எண்ணியிருக்கிறேன். விட்டுப்போனது 1,920-ம் 2,520-ம், ஆக 4,440. சேர்த்தால் 12,900.
தம்ப் ரூலோடு ஒத்துப்போனதால்தான் நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பழைய_ஃபிட்டர்
தம்ப் ரூலைச் சொல்லி உன்னைத் திசை திருப்பியது நான்தான் தம்பி. அதை ஒத்துக்கிறேன். ஆனா கடைசியில் டிராயிங்தானே 12,900 சொல்லுது? சோதனை 400 லிட்டரை விட்டுவிட்டதே, அதற்கு வேதியியல்காரர் பதில் சொல்லட்டும்.

நீர்_வேதியியல்
400 லிட்டர் என்பது நூற்றுக்கு மூன்று. உங்கள் இன்ச் கணக்கின் பிசகே அதைவிடக் கூட. ஆனாலும் தட்டிக் கழிக்க மாட்டேன். சோதனை அளப்பது ஓடுகிற தண்ணீரை மட்டும்தான். வால்வு மூடிய கிளைக்குள் நைட்ரைட் நுழையாது. எந்த மாடியாவது மூடிக் கிடக்கிறதா?

பம்ப்ரூம்_கோவை
ஐந்தாவது மாடி வாடகைக்குப் போகாமல் காலி. இன்று காலை மேலே போனேன். ரைசரில் இருந்து பிரிகிற இடத்தில் இரண்டு பட்டர்ஃபிளை வால்வும் மூடியிருக்கின்றன, லீவரில் கட்டிய துணி கூட அப்படியே இருக்கிறது. டிரெயின் காக்கைத் திருகினேன். முதலில் காற்று, பிறகு டீ டிகாக்‌ஷன் மாதிரி கறுத்த தண்ணீர், முட்டை அழுகிய நாற்றம். பக்கெட் அடியில் கறுப்பு மண்டி. அந்தச் சாம்பிளில் நைட்ரைட் 40 பிபிஎம்தான். லே-அவுட்டில் அந்த மாடிக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் 380 லிட்டர் வருகிறது.

நீர்_வேதியியல்
அந்த வால்வை இப்போது திறக்காதீர்கள்! திறந்தால் அந்த மண்டியும் பாக்டீரியாவும் மற்ற ஐந்து மாடிக்கும் போய்விடும். அந்த மாடியைத் தனியாக வடித்து, ஃப்ளஷ் செய்து, பாக்டீரியாவைக் கொல்லும் பயோசைட் போட்டுவிட்டுத்தான் லூப்போடு சேர்க்க வேண்டும். அதுவரை மருந்துக்கு 12,500-ஐ வையுங்கள்.

பழைய_ஃபிட்டர்
மருந்துக்கு அவர் சொல்வதை வை, தடுக்க மாட்டேன். டேங்க்குக்கு 12,900-தான். நாளைக்கு அந்த மாடிக்கு ஆள் வந்து வால்வைத் திறந்தால் அந்தத் தண்ணீரும் பெருகத்தானே போகுது? மூடிய மாடியை எண்ணாத சோதனையை வைத்து நான் டேங்க் வாங்கவே மாட்டேன்.

பம்ப்ரூம்_கோவை
12,900-க்கு 65 லிட்டர் ஏற்க வேண்டும். 80 லிட்டர் ஏற்கும் டேங்க்குக்கு விலை கேட்டு அனுப்பிவிட்டேன். ஐந்தாவது மாடியை வருகிற ஞாயிறு வடிக்கிறோம். வடிகிற தண்ணீரை டிரம்மில் பிடித்து அளந்து இங்கே போடுகிறேன்.