வான்துறைமுகம் மேலயா கீழயா? கருமணல் மேப்பைப் பாத்துச் சொல்லுங்கோ

வெள்ளவத்தை_ஜீஎம்:
சனிக்கிழமைகள்ல எங்கட வீட்டில ஓடுற விண்வெளி ரோல்ப்ளே ஆட்டத்துக்கு அடுத்த இடம் கருமணல். ஒரு பெரிய வாயுக்கோளைச் சுத்துற சந்திரன், காத்து இல்லை, ஈர்ப்பு எங்கட நிலா மாதிரி ஆறில ஒரு பங்கு. விண்கப்பல் வாற துறைமுகத்துக்கு மேப் கீறிட்டன். நடுவில ஒரு பெரிய குவிமாடம், கஸ்டம்ஸ் கடை லொட்ஜ் ஒர்க்‌ஷொப் எல்லாம் அதுக்குள்ள, சுத்திவர 200 மீட்டர் தள்ளி 12 இறங்குதளம். பிளேயர்ஸ் கப்பலால இறங்கி நடந்தே உள்ள போயிடலாம். ரெண்டு கிழமை இருந்து கீறினது, பிழை இருந்தா இப்பவே சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனை_ரொக்கெட்:
மச்சான், 200 மீட்டர் சரிவராது. 1969 நவம்பர்ல அப்பல்லோ 12 நிலாவில இறங்கேக்க, ரெண்டரை வருசமா அங்க நிண்ட சேர்வேயர் 3 கலத்துக்கு 160 மீட்டர் அளவுக்குப் பக்கத்தில இறங்கினவங்கள். திரும்பி வரேக்க அதின்ர கமராவைக் கழட்டிக் கொண்டுவந்து பாத்தா எஞ்சின் ஊதின மண் அந்தக் கலத்தில மணல் அடிச்ச மாதிரி பெயின்டையே தேச்சு வச்சிருக்கு. காத்து இல்லாத இடத்தில தூசியைத் தடுக்க ஒண்டும் இல்லை, கிளம்பின வேகத்திலயே நேராப் போய் அடிக்கும். அது ரெண்டு பேர் வந்த சின்னக் கலம். நீ இறக்கப்போறது சரக்குக் கப்பல், ஒரு மாசத்தில உன்ர குவிமாடக் கண்ணாடி ஒண்டும் மிஞ்சாது.

அதோட வெடிக்கிற கணக்கும் இருக்கு. கென்னடி விண்வெளி மையத்தில ரொக்கெட் பூட்டுற கட்டடத்துக்கும் 39ஏ ஏவுதளத்துக்கும் இடையில 5 கிலோமீட்டருக்கு மேல, எரிபொருள் நிரப்பின ரொக்கெட் வெடிச்சா கட்டடமும் ஆக்களும் தப்பவேணும் எண்டுதான் அவ்வளவு தூரம். தளம் ஒவ்வொண்டையும் மண் அணை கட்டி மறை, தரையை உருக்கி இறுக்கு, ஆக்களை நிலத்துக்குக் கீழால ரெயில்ல கொண்டுவா. நடந்து போற கதையை விடு.

வாஃப்_காரன்:
தம்பி ரொக்கெட் சொல்றது சரி, ஆனா அவரும் எல்லாத்தையும் நிலத்திலதான் வைக்கிறார். நான் கனகாலமா வாஃப் கிளாக், போர்ட்ல சரக்கு எடுத்துக் குடுக்கிற ஆள், எனக்கு முதல் வாற கேள்வி பெரிய கப்பல் ஏன் கீழ இறங்கவேணும் எண்டதுதான்.

கொழும்பு போர்ட்டைப் பாருங்கோ. இங்க இறங்கிற கொன்டெய்னர்ல பெரும்பங்கு நாட்டுக்குள்ளயே வாறதில்லை. மதர் வெசல் எண்ட பெரிய கப்பல்ல வரும், யார்ட்ல நிக்கும், பிறகு ஃபீடர் எண்ட சின்னக் கப்பல்ல ஏறி இந்தியாவுக்கோ பங்களாதேசுக்கோ போகும். பெரிய கப்பலுக்கு ஒவ்வொரு மணித்தியாலமும் காசு, அது ஒவ்வொரு சின்ன போர்ட்டுக்கும் போய் நிக்க ஏலாது, அதுக்காகத்தான் ஃபீடர். கருமணல்லயும் துறைமுகம் சுற்றுப்பாதையில இருக்கவேணும், சின்ன ஃபீடர் மட்டும் கீழ மேல ஓடவேணும். கஸ்டம்ஸ், சரக்கு யார்ட், ஏஜென்ட் ஒஃபிஸ், மாலுமிமாருக்குச் சாப்பாட்டுக்கடை எல்லாம் மேல. கீழ நாலு தளமும் ஒரு கிடங்கும் போதும்.

கொட்டாஞ்சேனை_ரொக்கெட்:
அண்ணை, அப்ப எரிபொருளை யார் மேல கொண்டுபோறது? நிலா மாதிரி இடமெண்டா ஐஸ் துருவப்பக்கம் வெயிலே படாத பள்ளங்கள்லதான் இருக்கும், 2009ல எல்குரொஸ் கலத்தை நிலாவின்ர தென்துருவத்துக்குக் கிட்ட கபேயஸ் பள்ளத்தில மோதவிட்டுத் தண்ணி இருக்கெண்டு கண்டவங்கள். ஐஸைத் தோண்டி ஹைட்ரஜனும் ஒட்சிசனுமாப் பிரிக்கிறது கீழ. அந்த ஈர்ப்பில சுற்றுப்பாதைக்கு ஏற செக்கனுக்கு 1.7 கிலோமீட்டர் வேகம் வேணும், எஞ்சின் புகை வாற வேகம் 4.5 எண்டு வச்சாலும் 100 தொன் கிளம்பினா மேல போய்ச் சேருறது 68 தொன், அதுக்குள்ள டாங்கியும் எஞ்சினும் அடக்கம், திரும்பி இறங்க வேற எரிக்கவேணும். சாமான் விளையிற இடத்திலதான் சந்தை இருக்கவேணும்.

வாஃப்_காரன்:
உங்கட கணக்கையே பெரிய கப்பலுக்குப் போட்டுப் பாருங்கோ தம்பி. இறங்க 1.7, ஏற 1.7, ரெண்டும் சேந்து 3.4. அதுக்குக் கப்பல்ட எடையில பாதிக்கு மேல எரிபொருளா இருக்கவேணும், 20 கொன்டெய்னர் இறக்கிறதுக்காக மிச்சம் ஆயிரத்தையும் தூக்கிக்கொண்டு கீழ வந்து திரும்ப மேல போறதா? கொழும்பிலயும் வெளிய நங்கூரம் போட்டு நிக்கிற கப்பலுக்குப் பங்கர் பாஜ் எண்ட எண்ணெய்ப் படகுதான் எண்ணெய் கொண்டுபோய்க் குடுக்குது, கப்பல் எண்ணெயைத் தேடி உள்ள வாறதில்லை.

வெள்ளவத்தை_ஜீஎம்:
ரெண்டு பேரும் சொல்றது விளங்குது. எனக்கு ஒரு சந்தேகம், இந்த இடத்தில கப்பல் ஏன் நிக்குது? வழியில இருக்கு எண்டது காணுமா?

வாஃப்_காரன்:
காணாது. மத்தள விமான நிலையம் 2013ல திறந்தது, ஓடுபாதை டெர்மினல் எல்லாம் இருக்கு, பிளேன் வாறது குறைவு. அம்பாந்தோட்டை கப்பல் பாதைக்குக் கொழும்பைவிடக் கிட்ட, ஆனாலும் கொன்டெய்னர் கொழும்பிலயே நிண்டது, ஏனெண்டா ஃபீடர் எல்லாம் இங்கதான் வந்து சேருது.

கொட்டாஞ்சேனை_ரொக்கெட்:
அம்பாந்தோட்டைக்கு இப்ப வாகனக் கப்பல் நல்லா வருது அண்ணை, அதையும் சொல்லவேணும். காலியில இருந்து கொழும்புக்குக் கப்பல் மாறினதும் 1875ல தென்மேற்கு அலைதாங்கிக்குக் கல்லு வச்சு 1885ல முடிச்ச பிறகுதான். கட்டினா வரும், ஆனா வாற கப்பலுக்கு என்ன தேவையோ அதைக் கட்டவேணும். கருமணல்ல அந்தத் தேவை எரிபொருள், நான் அதிலதான் நிக்கிறன்.

மருதானை_பிளேயர்:
நான் அந்த மேசையில மெக்கானிக்கா விளையாடுறன், எனக்கு யார்ட் எங்க ஈக்கிறதுங்கிறதைவிட வேற ஒண்டு முக்கியம். மூண்டு பேருமே நல்ல கப்பல் வாற கணக்குத்தான் போடுறீங்க. ஒழுகிற கப்பல் வந்தா எங்க வைக்கிற?

2021 மே மாசம் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல்ல ஒரு கொன்டெய்னர்ல நைட்ரிக் அமிலம் ஒழுகினது தெரிஞ்சும், வழியில கட்டார்லயும் இந்தியாவிலயும் ரெண்டு போர்ட்ல இறக்கக் கேட்டும் சரிவரல்ல. கடைசில கொழும்புக்கு வெளிய நங்கூரம் போட்டு நிக்கக்குள்ள தீப்பிடிச்சு, ஜூன்ல மூழ்க ஆரம்பிச்சிச்சு. ஆயிரத்து நானூறுக்கு மேல கொன்டெய்னர், கரை முழுக்க வெள்ளைப் பிளாஸ்டிக் மணி. மீன்பிடிக்கிற சனம் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். நானா, மேல உங்கட யார்ட்டுக்குப் பக்கத்தில அப்படி ஒரு கப்பல் வெடிச்சா துண்டெல்லாம் அதே பாதையில சுத்தும், ஒவ்வொரு ஃபீடரையும் அடிக்கும். கீழ இறக்கினா ரொக்கெட் நானாட ஐஸ் பள்ளத்தில அமிலம். ரெண்டு பேரும் வேணாம்னு சொல்லுவீங்க, அந்தக் கப்பல்ல ஈக்கிற ஆக்கள் எங்க போற?

வாஃப்_காரன்:
தங்கச்சி நல்லாக் கேட்டீங்க, நான் இதை விட்டுட்டன். மேல யார்ட்டில இருந்து வேற ஒரு பாதை, இன்னும் உயரத்தில, அங்க ஒரு ஒதுக்கு நங்கூரம் வேணும். தனி டக் (இழுவைக் கப்பல்), வெட்டிக் கழட்டிற ஆக்கள், மருத்துவம். அங்க நிப்பாட்டச் சொல்லிக் கையெழுத்து வைக்கிற அதிகாரம் ஒரே ஒரு ஆளிட்ட இருக்கவேணும், ஏஜென்ட் ஒண்டு சொல்ல ஹார்பர் மாஸ்டர் வேறொண்டு சொல்ல நேரம் போனா முடிஞ்சுது. மெனிஃபெஸ்ட்ல (சரக்குப் பட்டியல்ல) ஆபத்தான சாமான் எண்டு எழுதாம வாறதும் இருக்கு, அதையும் யோசியுங்கோ.

கொட்டாஞ்சேனை_ரொக்கெட்:
இதில நான் அண்ணையோட. உயரமான பாதை எண்டா துண்டு சிதறினாலும் கீழ் பாதையில நிக்கிற கப்பலுக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும், முழுக்கத் தப்பாது எண்டதையும் ஆட்டத்தில காட்டு. ஸ்ரீஹரிகோட்டாவில இருந்து துருவப் பாதைக்கு விடுற ரொக்கெட்டே எங்கட தலைக்கு மேலால வராம வளைஞ்சு போகுது, விழுறது எங்க விழும் எண்டு முதலே பாக்கிறதால. குலசேகரப்பட்டினத்தில புது ஏவுதளம் கட்டுறதுக்கும் அந்த வளைவுதான் காரணம்.

வெள்ளவத்தை_ஜீஎம்:
சரி, குவிமாடத்தை அழிச்சிட்டன். மேல வாஃப் அண்ணையின்ர யார்ட், கீழ துருவத்துக்குக் கிட்ட ஐஸ் ஆலையும் மண் அணைக்குப் பின்னால 4 தளமும், ஆலைக்காரருக்கும் யார்ட்காரருக்கும் எரிபொருள் விலையில சண்டை, அது உங்கட ரெண்டு பேரின்ர சண்டையேதான். ஒதுக்கு நங்கூரம் மேப்பில இருக்கும், ஆனா டக்கை வேற வேலைக்குக் கொண்டுபோயிட்டாங்கள். வாற சனிக்கிழமை பிளேயர்ஸ் வாற கப்பல்லயே ஒரு கொன்டெய்னர் ஒழுகும்.

மருதானை_பிளேயர்:
அப்ப நான் வெட்டுற டோர்ச் ரெண்டு வாங்கினதா ஷீட்ல எழுதிக்கொள்றன். ஹார்பர் மாஸ்டரா யார் பேசுற?

வெள்ளவத்தை_ஜீஎம்:
வாஃப் அண்ணை பின்னேரம் ஆறு மணிக்கு வந்தா அவர்தான்.

வாஃப்_காரன்:
வாறன் தம்பி. மெனிஃபெஸ்ட்டை எனக்கு முதலே காட்டவேண்டாம்.