லெக் வைஸை நிறுத்த யோசனை சொல்லுங்க

வணக்கம். தாத்தாவோட கொல்லுப்பட்டறையில கிடந்த லெக் வைஸை (இரும்பைத் தாடையில கவ்விப் பிடிக்கிற, தரை வரைக்கும் நீண்ட கால் இருக்கிற வைஸ்) மறுபடி வேலைக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். டீசல்ல ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால தேய்ச்சதுல துரு பெரும்பாலும் போயிடுச்சு. திருகோட சதுர மரை நல்லா இருக்கு, எவ்வளவு இறுக்கினாலும் நழுவல. அது தேய்ஞ்சிருந்தா மத்ததெல்லாம் வீண், அதனால ரொம்ப சந்தோஷம்.

முன்தாடையைத் தள்ளித் திறக்கிற பட்டை ஸ்பிரிங் இல்லை. ஜீப்போட பட்டை ஸ்பிரிங்கைக் காய்ச்சி மெலிசா அடிச்சா போதுமா, எண்ணெயில தோய்ச்சுப் பதமும் போடணுமா?

பெரிய கவலை, நிறுத்துறதுதான். மேஜையோட பிடிக்கிற தட்டு, யூ பட்டை, ஆப்பு எதுவும் கிடைக்கல. சம்மட்டி அடி கால் வழியா தரைக்கு இறங்கணும்; இல்லைன்னா போல்ட்டெல்லாம் ஆட்டம் கண்டுடும். எங்க தரை சிமெண்ட். அதை வெட்டிப் புளியங்கட்டையைப் புதைச்சு, அதுல குழி போட்டுக் கால் முனையை இறக்கலாம்னு நினைக்கிறேன். கட்டை உளுத்துப்போகுமா? கனமான இரும்புத் தகடு மேல நிறுத்துறது மேலா? தாடையை முழங்கை உயரத்துல வைக்கப்போறேன்.

வைஸ் உடம்புல வெல்டிங் வைக்க மனசு வரல. ஆப்பு அடிச்சுப் பிடிச்ச வைஸ் யார்கிட்டயாவது இருந்தா, அந்த இடத்தைப் பக்கத்துல போட்டோ எடுத்துப் போடுங்க, தட்டோட அளவும் சொல்லுங்க.