'நியூசன்ஸ் இன்ஸ்பெக்டர்' - தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களே, மொழிபெயர்ப்பில் ஒரே ஒரு பதவிப் பெயரில் பத்து நாளாகச் சிக்கி நிற்கிறேன்.

1900-1910 காலத்து இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதி மில் நகரம் ஒன்றின் சுகாதார அறிக்கைகளைத் தமிழாக்குகிறேன். அதில் வருபவர் 'இன்ஸ்பெக்டர் ஆஃப் நியூசன்சஸ்'. 1875 பொதுச் சுகாதாரச் சட்டப்படி நகராட்சிகள் நியமித்தே ஆகவேண்டிய ஆள். லண்டனில் 1891 சட்டத்திலேயே 'சானிட்டரி இன்ஸ்பெக்டர்' ஆகிவிட்டார். இங்கிலாந்தின் மற்ற ஊர்களில் 1921 வரை சட்டத்தில் பழைய பெயர்தான்.

வேலையோ எல்லாம் கலந்தது. சாக்கடைக்குள் புகையை விட்டு, வீட்டுக்குள் எங்கே கசிகிறது என்று பார்ப்பார். நிரம்பிய மலக்குழி, வீட்டோடு வளர்க்கும் பன்றி, ஒரே அறையில் நெருக்கியடித்துத் தூங்கும் குடும்பம், ஆலைப் புகை எல்லாமே சட்டப்படி 'நியூசன்ஸ்'.

முயன்று பார்த்தவை: 'சுகாதார ஆய்வாளர்' என்று போட்டேன், 1921 பெயர் மாற்றமே காணாமல் போகிறது. 'தொல்லை ஆய்வாளர்' சிரிப்பு மூட்டுகிறது. அப்படியே 'நியூசன்ஸ் இன்ஸ்பெக்டர்' என்றால், நம் வாசகருக்கு உடனே குடித்துவிட்டுத் தெருவில் கலாட்டா செய்தவன் மேல் போடும் நியூசன்ஸ் கேஸ்தான் ஞாபகம் வரும். பேரகராதியில் தேடினேன், ஓய்வுபெற்ற நகராட்சி ஊழியர் ஒருவரிடமும் கேட்டேன். பயனில்லை.

(மற்றதெல்லாம் எளிதாக அமைந்துவிட்டது. வாளி வைத்து அள்ளும் கழிப்பறைக்கு நம் 'எடுப்புக் கக்கூஸ்' கச்சிதம்.)

வரும் வெள்ளிக்குள் கொடுக்க வேண்டும். சுகாதாரக் கேடு என்ற சட்டப்பொருளும் இருந்து, 'சுகாதார ஆய்வாள'ரிலிருந்து வேறாகவும் தெரிகிற ஒரு தமிழ்ச் சொல் எது?