கரண்ட் போனால் தண்ணீரும் போகும்: புயல் நாட்களில் டெல்டா வீடுகளில் பார்த்தது

பம்பு மெக்கானிக், மன்னார்குடி

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு அடுத்த வாரம் ஒரு வீட்டுக் கொல்லையில் பெரியவர் ஒருவர், மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாத்தியிருந்த பழைய அடிபம்பைக் காட்டி, "இத மாட்டிக் குடுத்துட முடியுமா தம்பி?" என்று கேட்டார். போருக்குள் சப்மெர்சிபிள் மோட்டார் இறக்கியபோது கழற்றிப் போட்டது. உள்ளே இருந்த தோல் வாஷரைத் தொட்டதும் அப்பளமாக நொறுங்கியது. பதினைந்து அடியில் தண்ணீர் நிற்கிறது, அந்த வீட்டுப் பெண்கள் டேங்கர் லாரிக்குக் குடம் வரிசை போட்டு நின்றார்கள்.

சப்மெர்சிபிள் தொங்குகிற போரில் அப்படியே அடிபம்பை மாட்ட முடியாது. அடிபம்பு உறிஞ்சித்தான் இழுக்கும். குழாயில் எங்கே காற்று புகுந்தாலும் தண்ணீர் ஏறாது. ஆகவே தனியாக ஒன்றரை அங்குலத்தில் ஒரு கைபோர் போட்டுவிடுங்கள். நம் வண்டல் மண்ணில் 30, 40 அடி கையாலேயே இறங்கும். தண்ணீர் மட்டம் 25 அடிக்குக் கீழே போனால் இந்த வகைப் பம்பு தூக்காது. ஆனால் நமக்குப் புயல் வருவது ஐப்பசி, கார்த்திகையில். வயலெல்லாம் தண்ணீர் நிற்கிற நேரம், மட்டம் மேலேதான் இருக்கும்.

போட்டுவிட்டுப் பூட்டி வைக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது இரண்டு குடம் அடித்து எடுத்தால்தான் வாஷர் ஈரமாக இருக்கும். மாற்று வாஷர் இரண்டு வாங்கி எண்ணெயில் ஊறவைத்து டப்பாவில் போட்டு வையுங்கள். பம்பில் நிற்கிற தண்ணீர் இறங்கிவிட்டால் மேலே ஊற்ற 2 லிட்டர் நல்ல தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். வெள்ளத் தண்ணீரை மொண்டு ஊற்றினால் அந்த அசுத்தம் நேராகப் போருக்குள் இறங்கும். மேடையை, 2008 நிஷா மழையில் உங்கள் தெருவில் தண்ணீர் ஏறிய மட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி உயர்த்திக் கட்டுங்கள்.

வயர்மேன், திருத்துறைப்பூண்டி

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அடிபம்பு இல்லாத வீடுகளில் என்ன நடந்தது தெரியுமா? ஜெனரேட்டர். அறுந்து ரோட்டில் கிடந்த சர்வீஸ் வயரில் டெஸ்டரை வைத்தால் எரிகிறது! அந்தப் பகுதிக்கே சப்ளை கிடையாது, கம்பமே வயலில் கிடக்கிறது. தேடிப் போனால் நாலாவது வீட்டில், இரண்டு முனையிலும் 3 பின் பிளக் வைத்த வயரை ஜெனரேட்டரிலிருந்து ஹால் சாக்கெட்டில் சொருகி வீடு முழுக்க லைட் போட்டிருக்கிறார்கள். மெயினை ஆஃப் செய்யவில்லை.

இது ஏன் ஆளைக் கொல்லும் என்று சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து திரும்பிப் போகிற 230 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மரில் பின்பக்கமாக ஏறினால் அந்தப் பக்கம் 11,000 வோல்ட். சப்ளை இல்லை என்று நம்பித்தான் ஒருவர் கம்பத்தில் ஏறியிருப்பார். மெயினை ஆஃப் செய்துவிட்டால் போதும் என்பவர்களுக்கு: பதற்றத்தில் யாராவது ஒருவர் மறப்பார். வீட்டை ஒன்று கம்பத்து லைனோடு, இல்லை ஜெனரேட்டரோடு மட்டும் சேர்க்கிற, நடுவில் ஆஃப் உள்ள டபுள் போல் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் போட்டால் மறந்தாலும் ஆபத்தில்லை. பேஸ், நியூட்ரல் இரண்டும் மாற வேண்டும். பேஸை மட்டும் மாற்றுகிற மலிவு வேலை வேண்டாம்.

1 ஹெச்பி மோட்டார் ஓடும்போது ஒரு கிலோவாட் பக்கம் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும்போது அதைப் போல 3 மடங்குக்கும் மேல். 3 கேவிஏவுக்குக் குறைந்த ஜெனரேட்டரில் வோல்டேஜ் படுத்துவிடும், வைண்டிங் புகையும். ஃபேன், லைட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மோட்டாரை மட்டும் போடுங்கள். நன்றாக ஓடுகிற மோட்டார் 1000 லிட்டர் டேங்கை அரை மணி நேரத்தில் நிரப்பிவிடும். பெட்ரோல் அரை லிட்டர், கூடப் போனால் முக்கால். ஆக 5 லிட்டர் பெட்ரோலில் ஐந்தாறு வீட்டு டேங்கை நிரப்பலாம். தெருவுக்கு ஒரு ஜெனரேட்டர் போதும் என்று சொல்வது இதனால்தான்.

ஓடுகிற ஜெனரேட்டரைத் திண்ணையில்கூட வைக்காதீர்கள். மழைச் சாரலுக்காகக் கதவைச் சாத்தியிருப்பீர்கள், புகை ஜன்னல் இடுக்கில் உள்ளே போகும். வாசனையே இல்லாமல் மயக்கம் போட வைக்கிற வாயு அது. வீட்டை விட்டு 20 அடியாவது தள்ளி, மேலே மட்டும் கூரையிட்டு, நாலு பக்கமும் திறந்தபடி வையுங்கள். வேலை முடிந்ததும் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கார்பரேட்டரில் பெட்ரோல் தங்கினால் பிசின் கட்டி அடுத்த புயலுக்கு ஸ்டார்ட் ஆகாது.

பேட்டரி கடை, பட்டுக்கோட்டை

வயர்மேன் சார், எல்லாத் தெருவுக்கும் ஜெனரேட்டர் கிடைக்காது. பாதி வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, அதை வைத்திருக்கத் தெரியாததுதான் பிரச்சினை. கடைக்குப் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருவர், "லைட்டே போடலீங்க, ரெண்டே நாள்ல செத்துப் போச்சு" என்றார். உண்மைதான், அவர் லைட் போடவில்லை. இன்வெர்ட்டரை ஆஃப் செய்யவும் இல்லை.

12 வோல்ட், 150 ஏஹெச் பேட்டரி என்றால் 1800 வாட்-மணி. பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்று வைத்தால் 900. இன்வெர்ட்டர் இழப்பு போக 750 கையில் நிற்கும். சும்மா இருக்கிற இன்வெர்ட்டர் மட்டுமே 15 வாட் தின்னும், ஒரு நாளைக்கு 360! அவர் பேட்டரி இரண்டு நாளில் தீர்ந்த கணக்கு அவ்வளவுதான். பின்பக்க ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு, ராத்திரி 5 மணி நேரம் மட்டும் 9 வாட் எல்இடி இரண்டும் செல்போன் சார்ஜும் போட்டால் ஒரு நாளைக்கு 200 வாட்-மணிக்குள் அடங்கும், முழுசாக மூன்று ராத்திரிக்கு மேல் தாங்கும். 75 வாட் சாதா ஃபேன் ஒன்று போட்டால் ஒரே ராத்திரியில் முடிந்தது. பிஎல்டிசி ஃபேன் 30 வாட்தான். மாற்றுகிற அன்றைக்கு அதையே மாற்றுங்கள்.

சோலார் பேனல் வைத்திருப்பவர்கள் புயல் எச்சரிக்கை வந்ததும் கழற்றி உள்ளே கொண்டுவந்துவிடுங்கள்.

கிராம சுகாதாரப் பணி, நாகப்பட்டினம் மாவட்டம்

ஒரு வீட்டுக் கிணற்றில் அரைக் கிலோ பிளீச்சிங் பவுடரை அப்படியே கொட்டியிருந்தார்கள், மேலே வெள்ளையாக மிதந்தது. அந்த வீட்டுக் குழந்தை ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பியது. வாடை தாங்காமல் எல்லோரும் குளத்துத் தண்ணீருக்குப் போய்விட்டார்கள். சுத்தம் செய்யப் போய், இருப்பதிலேயே மோசமான தண்ணீரைக் குடிக்க வைத்தது அந்த அரைக் கிலோ.

அளவு இதுதான்: 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர். கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 785ஆல் பெருக்கினால் லிட்டர் வந்துவிடும். விட்டம் 1.2 மீட்டர், ஆழம் 3 மீட்டர் என்றால் ஏறக்குறைய 3400 லிட்டர். எட்டரை கிராம் போதும். தராசு இல்லையா, 100 கிராமைத் தட்டில் பரப்பிப் பத்தாகப் பிரியுங்கள், ஒரு பங்கு 10 கிராம்.

வாளியில் பவுடரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களிபோலக் குழைத்து, முக்கால் வாளி தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிஷம் தெளிய விடுங்கள். அடியில் சுண்ணாம்பு தங்கும், அது கிணற்றுக்கு வேண்டாம். தெளிவை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, மேலும் கீழும் ஆட்டுங்கள். ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. ராத்திரி கடைசிக் குடம் எடுத்த பிறகு போட்டால் நல்லது.

வெள்ளம் உள்ளே புகுந்த கிணறு என்றால் இந்த அளவு காணாது. முதலில் கலங்கல் போகும்வரை இறைத்துக் கொட்ட வேண்டும், சேறு இருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். ஒரு மணி நேரம் கழித்துச் சோதனைக் குப்பியில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் காட்டாவிட்டால் மறுபடி போடுங்கள். அதுவரை நன்றாகக் கொதிக்க வைத்த தண்ணீர்தான். போன வருஷப் பவுடரை நம்பாதீர்கள்; புதிதில் 33 சதவீதம் குளோரின் இருக்கும், மழைக்கால ஈரக்காற்றில் திறந்து வைத்தால் வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும்.

வயிற்றுப்போக்குக்கு: 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, அதனால் கை மதிப்பு வேண்டாம்.

பேராவூரணி

மாடியில் காலி சின்டெக்ஸ் டேங்க் பறந்து பக்கத்து வீட்டு ஓட்டில் விழுந்தது. 1000 லிட்டர் டேங்க் நிறைந்திருந்தால் ஒரு டன், காற்று அசைக்காது. புயலுக்கு முதல் நாள் கழுத்துவரை நிரப்புங்கள், குடிக்கவும் ஆகும்.

ஒரத்தநாடு

எல்லோரும் தண்ணீரிலேயே நிற்கிறீர்கள். பத்தாயம் நிறைய நெல் வைத்திருந்த வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டில் போய், "ரெண்டு படி அரிசி இருக்குமா அக்கா?" என்று கேட்டதைக் கண்ணால் பார்த்தேன். ரைஸ் மில்லுக்கும் கரண்ட் இல்லையே! உரல் திண்ணையில் இருக்கிறது, உலக்கை பிடித்துக் குத்த ஆள் இல்லை.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசி. நாலு பேருக்குப் பதினைந்து நாள் என்றால் 24 கிலோ. ஐப்பசி பிறப்பதற்குள் அரைத்து வைத்துவிடுங்கள். கூடவே 3 கிலோ அவல், 2 கிலோ வெல்லம், பொட்டுக்கடலை. அடுப்பே பற்ற வைக்காமல் இரண்டு நாள் ஓட்டலாம். மிக்ஸி ஓடாது, ஆகவே மிளகாய்த்தூள், மல்லித்தூள் அரைத்தே இருக்கட்டும். காஸ் சிலிண்டர் தீர்ந்துபோனால் என்ன செய்வது என்று இப்போதே யோசியுங்கள்: விழுந்த தென்னை மட்டை பச்சையாக எரியாது, புகைதான் வரும். வறட்டியும் காய்ந்த சவுக்கு விறகும் பரணில், தரையிலிருந்து விலகி இருக்க வேண்டும்.

வேதாரண்யம்

மன்னார்குடி அண்ணன் சொல்கிற கைபோர் எங்கள் பக்கம் 40 அடிக்கு இறக்கினால் உப்புதான். என்ன செய்வது?

பம்பு மெக்கானிக், மன்னார்குடி

தம்பி, உங்கள் மணல் பாங்கில் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிசாக மிதக்கிறது. 12, 15 அடியோடு நிறுத்துங்கள், மோட்டார் மாட்டாதீர்கள். வேகமாக இழுத்தால் கீழே இருக்கிற உப்பு மேலேறிவிடும். கையால் அடிக்கிற வேகத்துக்கு ஏறாது. காலையில் நாலு குடம், சாயங்காலம் நாலு குடம் என்று விட்டுவிட்டு எடுங்கள்.

அதைவிட மொட்டை மாடியைப் பாருங்கள். 50 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் கணக்குக்கு 500 லிட்டர், கைக்கு 400 வரும். முதல் கால் மணி நேரத் தண்ணீரை வெளியே விடுங்கள். மூடி போட்ட சிமெண்ட் தொட்டி, வாயில் கொசு வலை, அடியில் குழாய். வலையைக் கம்பி வைத்து இறுக்கிக் கட்டுங்கள். புயல் காற்றில் முதலில் போவது அதுதான்.