அமெரிக்காவில் டிரம் கோர் குழுக்கள் இவ்வளவு குறைந்தது ஏன்?

தாளம்தப்பியவன்:
1970களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் நானூறுக்கும் மேற்பட்ட டிரம் அண்ட் பியூகிள் கோர் குழுக்கள், அதாவது டிரம்மும் பித்தளை ஊதுவாத்தியமும் வாசித்தபடி மைதானத்தில் அணிவகுக்கும் குழுக்கள், இருந்தன என்கிறார்கள். இன்று டிசிஐ (டிரம் கோர் இன்டர்நேஷனல்) அமைப்பு நடத்தும் இளையோர் போட்டிகளில் மேல்நிலையான வேர்ல்டு கிளாஸ், அடுத்த நிலையான ஓபன் கிளாஸ் இரண்டையும் கூட்டினாலும் நாற்பதைத் தொடவில்லை. ஆனால் ஆகஸ்டில் இண்டியானாபொலிஸ் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் நடக்கும் இறுதிப் போட்டியைப் பாருங்கள், வாசிப்பின் தரம் வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறது. ரசிகர்களும் இருக்கிறார்கள். குழுக்களைத்தான் காணோம். "காலம் மாறிப்போச்சு, பிள்ளைங்க செல்போன்ல இருக்காங்க" மாதிரி பதில் வேண்டாம். பணம், வாத்தியம், விதிகள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பித்தளைக்காது:
வாத்தியத்திலிருந்து தொடங்குகிறேன். இதை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை.

பழைய பியூகிள் ஜி சுருதி. வால்வே கிடையாது, ஸ, ப, மேல் ஸ, க, ப என்று இயல்பாக எழும் ஸ்வரங்கள் மட்டும்தான். 1930களில் ஒரு பிஸ்டன் வால்வு வந்தது. அதை அழுத்தினால் மேல் ஸ-விலிருந்து ப-வுக்கு இறங்குவது போல மொத்தக் குழலும் கீழே இறங்கும். பிறகு அரை ஸ்வரம் இறக்க ஒரு ரோட்டரி (சுழலும் வால்வு) சேர்ந்தது. இதை வைத்துக்கொண்டு முழு மெட்டு வாசிக்க, மெட்டைத் துண்டு போட்டு சொப்ரானோ, மெல்லஃபோன், பாரிடோன், கான்ட்ரா என்று வெவ்வேறு அளவு வாத்தியங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். எழுதுகிறவருக்குத் தலைவலிதான். ஆனால் ஒரு லாபம் இருந்தது: நோட்டு படிக்கத் தெரியாத பத்து வயதுப் பையனுக்கும் நாலைந்து ஸ்வரத்தைக் காதாலேயே சொல்லிக்கொடுத்து, சில வாரத்தில் வரிசையில் நிறுத்திவிடலாம்.

1977இல் இரண்டு பிஸ்டன், 1990இல் மூன்று, 2000இல் எந்தச் சுருதி வாத்தியமும் சரி என்று விதி மாறியது. கட்டாயம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எதிரே நிற்கிற குழு எல்லா ஸ்வரமும் வாசிக்கும்போது நீங்கள் ஒற்றைப் பிஸ்டனோடு மதிப்பெண் வாங்க முடியுமா? மாற்றித்தான் ஆக வேண்டும். அறுபது வாத்தியம் கொண்ட ஒரு செட் கையிலிருக்கும்போதே காலாவதி. ஜி பியூகிளுக்கு வெளியே சந்தையும் கிடையாது. பள்ளி பேண்டுகள் பி ஃபிளாட், எஃப் வாத்தியங்களில் வாசிப்பவை, அவை வாங்காது. பழையதை அடுத்த நிலைக் குழுவுக்கு அடிமாட்டு விலைக்குத் தள்ளுவார்கள், அந்தக் குழு இன்னும் ஒரு படி பின்தங்கிவிடும்.

கணக்குப்பிள்ளை:
பித்தளைக்காது சொன்னது சரி, ஆனால் அது இரண்டாவது காரணம். முதலில் போனது புரவலர்.

இந்தக் குழுக்களைப் பெற்றெடுத்தது முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய முன்னாள் வீரர்கள். அமெரிக்கன் லீஜியன், விஎஃப்டபிள்யூ என்ற படைவீரர் சங்கங்கள் கிளைக்கு ஒன்று நடத்தின. அடுத்து கத்தோலிக்கப் பங்குக் கோயில்கள்: நியூவார்க்கின் பிளெஸ்டு சாக்ரமென்ட் கோல்டன் நைட்ஸ், நியூ ஜெர்சியின் கார்ஃபீல்டில் 1934இல் ஹோலி நேம் கேடட்ஸ். சாரணர் துருப்புகளும் உண்டு, 1948இல் தொடங்கிய சிகாகோ கேவலியர்ஸ் அப்படி வந்ததுதான். ஒத்திகைக்கு மாதா கோயில் மண்டபம், சீருடைக்குக் கிளை நிதி, சொல்லிக்கொடுக்க ஊர்க்காரர். ஞாயிறு போட்டி முடிந்தால் ராத்திரி வீட்டில் சாப்பாடு. செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. வியட்நாம் போர்க்காலத்தில் ராணுவச் சாயல் கொண்ட சீருடைக்குப் பிள்ளைகளிடம் மவுசு போனது, நகர மையப் பங்குகளின் குடும்பங்கள் புறநகருக்கு நகர்ந்தன, லீஜியன் கிளைகளில் ஆள் மூப்படைந்தார்கள்.

அந்த ஓட்டையை அடைத்தது பிங்கோ, நம் தம்போலாவின் பங்காளி. அறக்கட்டளை உரிமத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று இரவு நடத்தினால் ஒரு குழு ஓடும். கலிபோர்னியாவின் புளூ டெவில்ஸ், சாந்தா கிளாரா வான்கார்டு போன்ற பெரிய பெயர்களே அதில் நின்றவை. 1964இல் நியூ ஹாம்ப்ஷயரில் தொடங்கிய அரசு லாட்டரி மாநிலம் மாநிலமாகப் பரவியது, பின்னால் பூர்வகுடிகளின் கேசினோக்கள் வந்தன, மண்டபத்தில் புகைபிடிக்கவும் தடை வந்தது. பிங்கோ மேசைகள் காலியாயின.

வரவு இறங்கிய அதே காலத்தில்தான் செலவு ஏறியது. 1971இல் டிசிஐ உருவாகி, 1972இல் விஸ்கான்சின் ஒயிட்வாட்டரில் முதல் சாம்பியன்ஷிப் நடந்தது. அனஹைம் கிங்ஸ்மென் ஜெயித்தார்கள். அதன்பின் தேசிய அளவில் மதிப்பு வேண்டுமென்றால் கோடை முழுக்க நாட்டைச் சுற்ற வேண்டும் என்றாயிற்று.

இன்றைய ஒரு டூர் கணக்கு போடுகிறேன். உறுப்பினர் உச்சவரம்பு 165 (முன்பு 128). ஆசிரியர், சமையல், தையல், ஓட்டுநர் எல்லாம் சேர்த்தால் இருநூறைத் தாண்டும். ஒரு நாளைக்கு நாலு வேளை, ஆக எண்ணூறு சாப்பாடு, அதுவும் ஓடும் டிரெய்லர் அடுப்படியில். பேருந்து நாலு அல்லது ஐந்து, பெரிய டிரெய்லர் லாரி இரண்டு மூன்று. எட்டு வண்டி என்றும் பத்தாயிரம் மைல் என்றும் வையுங்கள். கேலனுக்கு ஆறு மைல் கிடைத்தால் சுமார் 13,000 கேலன் டீசல். பயணிகள் பேருந்து ஓட்டுநர் ஒரே மூச்சில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்பது மத்திய விதி. நீண்ட இரவுப் பயணத்தில் மாற்று ஓட்டுநருக்கும் சம்பளம். பள்ளி ஜிம் தரையில் படுத்தாலும் ஜிம்முக்கு வாடகை, இன்ஷூரன்ஸ், பெரியவர்களின் பின்னணிச் சோதனை. உறுப்பினரிடம் ஐயாயிரம் டாலருக்கு மேல் கட்டணம் வாங்கும் பெரிய குழுக்களுக்கே இது பற்றாது. வான்கார்டு 2023 சீசனில் பணப் பிரச்சினையால் களமிறங்கவில்லை, 2024இல்தான் திரும்பியது. கார்ஃபீல்டில் தொடங்கி, பத்து முறை சாம்பியனான அந்தக் கேடட்ஸ் வழக்குச் செலவைத் தாங்காமல் அதே 2024இல் மூடப்பட்டது.

ஓரமாய்நிற்பவர்:
இருவரும் சொல்வதில் ஒரு கண்ணி விடுபடுகிறது. விதியை யார் மாற்றினார்கள்? படைவீரர் சங்கங்களின் விதிப் புத்தகம் தங்களை இறுக்குகிறது, பரிசுப் பணமும் போதாது என்று முன்வரிசைக் குழுக்களின் இயக்குநர்கள்தான் டிசிஐயைக் கட்டினார்கள். ஓட்டு அவர்கள் கையில். ஒவ்வொரு திருத்தமும் கலைக்கு நல்லதே என்பது என் கருத்து. பழைய முறையில் நடுவர் வரிசைக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே தவறுக்கு ஒரு 'டிக்' என்று 0.1 கழிப்பார். 1984இல் அது ஒழிந்ததும் கடினமாக எழுதத் துணிவு வந்தது. ஆனால் கடினமாக எழுத வடிவமைப்பாளர் வேண்டும், நடன ஆசிரியர் வேண்டும், அவர்களுக்குச் சம்பளம் வேண்டும்.

இன்னொன்று, 1980களின் தொடக்கத்தில் தாள வாத்தியங்களைத் தரையில் நிறுத்த அனுமதி கிடைத்தது. மரிம்பா, வைப்ரஃபோன் என்று இப்படித் தரையில் நிற்கும் 'பிட்' பகுதி வளர்ந்தது. 2004இல் ஒலிபெருக்கி, 2009இல் சிந்தசைசர். இப்போது மைக், மிக்சர், ஸ்பீக்கர், ஜெனரேட்டர் எல்லாம் சக்கர வண்டியில் வருகின்றன. மழைத் தூறலில் ஒரு இணைப்பு நனைந்தால் பாதி நிகழ்ச்சி ஊமை. அதைச் சரிபார்க்கவே தனி ஒலிப்பொறியாளர். சிறிய குழுவுக்கு ஏது?

ஆள் கணக்கும் உண்டு. வயது வரம்பு 21. அந்தக் கடைசி வருஷங்களைப் பெரிய குழுவில் கழிக்கத்தான் நல்ல பையன் ஆசைப்படுவான். உள்ளூர்க் குழு ஆறு வருஷம் வளர்த்து, தேறியதும் பறிகொடுக்கும். சிலது இணைந்து பார்த்தது, சிலது சட்டென மறைந்தது. 27த் லான்சர்ஸ், பிரிட்ஜ்மென் எல்லாம் இறுதிச் சுற்றுக்குப் போன குழுக்கள்தான். ஸ்டார் ஆஃப் இண்டியானா 1991இல் பட்டம் வென்று, 1993 முடிந்ததும் தானாகவே போட்டியை விட்டு மேடை நிகழ்ச்சிக்குப் போனது. இதை வீழ்ச்சிக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை.

தாளம்தப்பியவன்:
நன்றி. ஒரு சந்தேகம். 2000இல் எல்லாச் சுருதியும் சரி என்றானதே, அது சிறிய குழுக்களைக் காப்பாற்றியிருக்க வேண்டாமா? பள்ளி வாத்தியத்தையே கொண்டுவரலாமே?

பித்தளைக்காது:
பாதி சரி. பி ஃபிளாட் ட்ரம்பெட்டைச் சீசன் முடிந்ததும் பள்ளிகளுக்கு விற்கலாம். பெரிய குழுக்கள் தயாரிப்பாளரிடம் சலுகையில் எடுத்து, கோடை முழுக்க வாசித்து, ஆகஸ்டில் விற்று, அடுத்த வருஷம் புதுசு எடுக்கும். அந்தச் சுழற்சிக்குப் பெயரும் மேடையும் வேண்டும். கடைசி இடத்தில் இருப்பவருக்கு யார் சலுகை தருவார்? தவிர பள்ளிக்கூடத்தில் உள்ள ட்ரம்பெட் ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு துளை அளவு. அறுபது பேர் சேர்ந்து ஊதும்போது சுருதி சேராது. டிரம் கோரின் தனிக் குரல் ஒரே மாதிரி வாத்தியங்களால் வருவது.

அதற்குள் நல்ல மார்ச்சிங் பேண்ட் வைத்த பள்ளிகளே கோர் பாணிக்கு மாறிவிட்டன. சம்பளம் பள்ளி தரும், வாத்தியமும் பள்ளியுடையது. பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தெருமுனைக் குழு தேவைப்படவில்லை.

கணக்குப்பிள்ளை:
இன்று புதிதாகத் தொடங்க நினைப்பவர் நேரே டூரில் இறங்குவதுதான் வழக்கமான தவறு. டிசிஐ நடத்தும் சவுண்ட்ஸ்போர்ட் பிரிவில் சின்னக் குழுவே போதும், மைதான அணிவகுப்பும் நாடு சுற்றலும் வேண்டாம், தரவரிசைக்குப் பதில் தங்கம், வெள்ளி, வெண்கலத் தரம். இரண்டு மூன்று வருஷம் அதில் நின்று, உள்ளூர் ஜூலை 4 ஊர்வலங்களில் வரவு தேடி, ஒரு லாரிக்கும் ஓட்டுநருக்கும் பணம் சேர்ந்த பிறகு ஓபன் கிளாஸைப் பார்க்கலாம். பெரியவர்களுக்கென 1960களிலிருந்து ஓடிய டிசிஏ (டிரம் கோர் அசோசியேட்ஸ்) அமைப்பும் இப்போது டிசிஐயின் ஆல் ஏஜ் பிரிவாகிவிட்டது. அதில் வார இறுதிப் போட்டிதான், 21 வயது வரம்பும் இல்லை. பழைய ஞாயிற்றுக்கிழமைக் குழுவுக்கு மிக நெருக்கமாக இன்று மிச்சமிருப்பது அதுதான்.