மூன்று எழுத்து, பழைய விமான நிறுவனம்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

குழு: மேலத்தெரு வீடு
ஞாயிறு, காலை 7.05

காவ்யா: எல்லோருக்கும் வணக்கம். ஜெர்சி சிட்டியில் இன்னும் சனிக்கிழமை இரவுதான். நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஆங்கிலக் குறுக்கெழுத்துத் தொகுப்பில் ஒரே ஒரு கட்டத்தில் நிற்கிறேன். இடமிருந்து வலம், மூன்று எழுத்து, "பழைய விமான நிறுவனம்". முதல் எழுத்து டி, கடைசி எழுத்து ஏ. நடுவில் காலி.

காவ்யா: அதே கட்டத்திலிருந்து கீழே இறங்குவது ஆண்ட்ரூ என்ற அமெரிக்க ஓவியரின் குடும்பப் பெயர். ஐந்து எழுத்தில் முதல் எழுத்து மட்டும் இல்லை. அவரையும் எனக்குத் தெரியாது.

ஸ்ரீராம்: டபிள்யூ, அக்கா. டி.டபிள்யூ.ஏ., அதாவது டிரான்ஸ் வேர்ல்டு ஏர்லைன்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம். ஓவியர் ஆண்ட்ரூ வையெத்.

உமா: காவ்யா, அமெரிக்காவில் இருந்துகொண்டு டி.டபிள்யூ.ஏ. தெரியாது என்கிறாயே!

காவ்யா: அத்தை, அதை மூடியபோது எனக்கு நான்கு வயது. மயிலாப்பூரில் பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

ஸ்ரீராம்: இதற்காகத்தான் என் சொற்பட்டியலிலிருந்து அதைப் போன மாதம் நீக்கிவிட்டேன்.

பாலு: என்ன பட்டியல்? எதை நீக்கினாய்?

ஸ்ரீராம்: அப்பா, நான் அமெரிக்க பாணியில் குறுக்கெழுத்து அமைக்கப் பழகுகிறேன் அல்லவா? அதற்கு ஒரு மென்பொருள் உண்டு. கையில் பெரிய சொற்பட்டியல் இருக்கும், ஒவ்வொரு சொல்லுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண். காலிக் கட்டங்களை நிரப்பும்போது மதிப்பெண் அதிகமுள்ள சொற்களே முதலில் வரும். புதியவர்களுக்குத் தெரியாத, குறுக்கெழுத்துக் கட்டத்துக்கு வெளியே யாரும் பேசாத சொற்களை எல்லாம் வெட்டிக்கொண்டு வருகிறேன். 2001-இல் மறைந்த நிறுவனத்தை இன்னும் எத்தனை காலம் கேட்டுக்கொண்டிருப்பது?

பாலு: ஸ்ரீராம், உன் அப்பா பம்பாயில் பயண முகவர் அலுவலகத்தில் டிக்கெட் எழுதிச் சம்பாதித்தவன். அந்தக் காலத்து டிக்கெட் ஒரு சின்னப் புத்தகம். ஒவ்வொரு பயணக் கட்டத்துக்கும் ஒரு தாள், பின்புறம் சிவப்புக் கார்பன். பேனாவை அழுத்தி எழுத வேண்டும். கடைசித் தாளில் எழுத்து விழாவிட்டால் பயணி விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வார். நிறுவனத்துக்கான இடத்தில் டி, டபிள்யூ என்று இரண்டே எழுத்துதான் போடுவோம். சாந்தாகுருஸ் நிலையத்திலிருந்து நியூயார்க் வரை கொண்டுபோய்ச் சேர்த்த நிறுவனம் அது. 1969-இல் உலகையே சுற்றிவரும் சேவை தொடங்கினார்கள். அதைப் பட்டியலிலிருந்து எடுத்தேன் என்று இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாய்.

ரமணி: அண்ணா, சின்னவனைக் கோபிக்காதீர்கள். எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. நான் தினமும் த இந்து குறுக்கெழுத்துப் போடுகிறவன். அதில் செத்துப்போன விமான நிறுவனம் எதற்கும் இப்படி நிரந்தர இடம் கிடையாது. அமெரிக்காவில் மட்டும் ஏன்?

ஸ்ரீராம்: சித்தப்பா, கட்டத்தின் அமைப்புதான் காரணம். த இந்துவில் வருவது பிரிட்டிஷ் பாணி. கறுப்புக் கட்டம் ஒன்றுவிட்டு ஒன்று வரும். ஒரு சொல்லின் எழுத்துகளில் ஏறக்குறைய பாதிதான் இன்னொரு சொல்லோடு குறுக்கிடும், மீதி சுதந்திரமாக இருக்கும். அமெரிக்கக் கட்டத்தில் ஒவ்வோர் எழுத்தும் இரண்டு சொற்களுக்குச் சொந்தம். இடமிருந்து வலமும் பொருந்த வேண்டும், மேலிருந்து கீழும் பொருந்த வேண்டும். இரண்டெழுத்துச் சொல் கூடாது. நியூயார்க் டைம்ஸில் வார நாள் புதிர் 15-க்கு 15, அதிகபட்சம் 78 சொற்கள்தான் அனுமதி. நடுவில் நீளமான நல்ல சொற்களை வைத்துவிட்டால் மூலைகளில் மூன்றெழுத்தும் நான்கெழுத்தும்தான் ஒட்டவைக்க வேண்டியிருக்கும்.

ஸ்ரீராம்: டி, ஏ இரண்டும் ஆங்கிலத்தில் எங்கும் வரும் எழுத்துகள். அவற்றுக்கு நடுவே ஈ விழுந்தால் தேநீர், எஸ் விழுந்தால் அமெரிக்க விமான நிலையங்களில் நம்மைச் சோதிக்கும் டி.எஸ்.ஏ. துறை. டபிள்யூ விழுந்துவிட்டால் வேறு போக்கே இல்லை. டி.டபிள்யூ.ஏ.தான்.

ரமணி: இப்போது புரிகிறது. அப்படியானால் பான் ஆம் விமான நிறுவனம்?

ஸ்ரீராம்: அதுவும் வரும், ஆனால் அது ஐந்தெழுத்து. புகழ் இங்கே செல்லாது. பிரானிஃப் என்று ஒரு நிறுவனம் 1982-இல் மூழ்கியது. கடைசியில் இரண்டு எஃப். அதை எந்த மூலையில் கொண்டுபோய் வைப்பது? மெல் ஓட் என்று 511 ஹோம் ரன் அடித்த பேஸ்பால் வீரர் இருந்தார். அவரைவிட அதிகம் அடித்தவர்கள் உண்டு. ஆனால் ஓ, டி, டி என்று மூன்றே எழுத்தில் பெயர் வைத்துக்கொண்டதால் இன்றும் கட்டத்தில் நிற்கிறார்.

காவ்யா: கான்கார்ட் மாதிரி ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத்துக்கு எஸ்.எஸ்.டி. என்று அடிக்கடி வருகிறதே, அதுவும் இதே கதையா?

ஸ்ரீராம்: அதேதான். கான்கார்ட் 2003-இல் நின்றது, எஸ்.எஸ்.டி. நிற்கவில்லை.

உமா: நீங்கள் எழுத்துக் கணக்கைப் பேசுகிறீர்கள். நான் இருக்கும் ஊரைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

உமா: டி.டபிள்யூ.ஏ.யின் தலைமையகம் கடைசியில் செயின்ட் லூயிசில்தான் இருந்தது. 2001-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியது. அந்த ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி கான்சஸ் சிட்டியிலிருந்து புறப்பட்டு இங்கே வந்து இறங்கியதுதான் கடைசி விமானம். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, டி.டபிள்யூ.ஏ.யின் போக்குவரத்தை நம்பி இங்குள்ள லாம்பர்ட் விமான நிலையத்தில் புதிய ஓடுபாதை போடத் திட்டமிட்டிருந்தார்கள். அதற்காகப் பிரிட்ஜ்டன் பகுதியில் ஏறத்தாழ 2,000 வீடுகளை வாங்கி இடித்தார்கள். செலவு 100 கோடி டாலருக்கு மேல். 2003-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இங்கிருந்து கிளம்பும் தன் விமானங்களை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிட்டது. ஓடுபாதையைத் திறந்தது 2006-இல்.

காவ்யா: அதாவது யாருக்காகப் போட்டார்களோ அவர்கள் போன பிறகு?

உமா: ஆமாம். வீடு இழந்தவர்கள் இழந்ததுதான். டி.டபிள்யூ.ஏ.யின் விமானப் பணிப்பெண்கள் எல்லோரும் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் பணிமூப்புப் பட்டியலில் கடைசிக்குத் தள்ளப்பட்டு 2003-க்குள் வேலை இழந்தார்கள். முப்பது வருடம் பறந்தவர்களும் அதில் இருந்தார்கள். குறுக்கெழுத்தில் அந்த மூன்று எழுத்தைப் பார்க்கும்போது எனக்கு வயிறு பிசைகிறது. அதற்குக் குறிப்பு என்ன கொடுத்திருக்கிறார்கள்? "பழைய விமான நிறுவனம்." மூன்றே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

பாலு: உமா, சரியான இடத்தில் கை வைத்தாய். விடை மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. குறிப்புதான் சோம்பேறித்தனமாக இருக்கிறது.

ரமணி: அண்ணா சொல்வதை ஏற்கிறேன். நல்ல புதிரில் குறிப்புதான் உயிர். "பழைய விமான நிறுவனம்" என்றால் தெரிந்தவன் எழுதுவான், தெரியாதவன் முழிப்பான். அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஸ்ரீராம்: அமைப்பவர் பக்கத்தையும் பாருங்கள். 2001-க்கு முன் "விமான நிறுவனம்" என்று மட்டும் போட்டாலே போதும். மூடிய பிறகு "பழைய", "முன்னாள்" என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் குறிப்பு பொய்யாகிவிடும். அப்படிச் சேர்த்துச் சேர்த்து அதுவே பழக்கமாகிவிட்டது. இப்போது நிறையப் பேர் "பழைய" என்பதைப் பார்த்தவுடன் யோசிக்காமலே டி.டபிள்யூ.ஏ. எழுதிவிடுவார்கள்.

பாலு: யோசிக்காமல் எழுதுவது எனக்குச் சம்மதமில்லை. அந்த மூன்று எழுத்துக்குள் எவ்வளவு இருக்கிறது என்று கேள். 1930-இல் தொடங்கியபோது அதன் பெயர் டிரான்ஸ்கான்டினென்டல் அண்டு வெஸ்டர்ன் ஏர். அட்லாண்டிக்கைத் தாண்டியதும் அந்தப் பெயர் பொருந்தவில்லை. 1950-இல் டிரான்ஸ் வேர்ல்டு ஏர்லைன்ஸ் ஆனது. பெயர் முழுக்க மாறியது, விமானத்தின் வாலில் இருந்த மூன்று எழுத்து அப்படியே நின்றது.

பாலு: 1939 முதல் ஹோவர்ட் ஹியூஸ் பங்குகளை வாங்கித் தன் பிடிக்குள் கொண்டுவந்தார். லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானம் உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு. 1944 ஏப்ரலில் அவரும் நிறுவனத்தின் தலைவர் ஜாக் ஃபிரையும் அதை பர்பாங்கிலிருந்து வாஷிங்டனுக்குத் தாங்களே ஓட்டிச் சென்றார்கள். ஏழு மணி நேரத்துக்குள் கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரை. அதன் வாலில் மூன்று துடுப்பு இருக்கும். உடம்பு மீன்போல வளைந்திருக்கும். அதைவிட அழகான பயணி விமானத்தை நான் இதுவரை படத்தில்கூடப் பார்த்ததில்லை.

காவ்யா: பெரியப்பா, அந்த விமானத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன்! ஜே.எஃப்.கே. விமான நிலையத்தில் டி.டபிள்யூ.ஏ. ஹோட்டலுக்கு வெளியே ஒன்று நிற்கிறது, உள்ளே மதுக்கூடம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் ஹோட்டலின் பெயர் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். குறிப்பில் விமான நிறுவனம் என்று இருந்ததால் அது மனதில் வரவே இல்லை.

பாலு: அந்தக் கட்டடம்தான் டி.டபிள்யூ.ஏ.யின் பழைய முனையம். ஈரோ சாரினென் வடிவமைத்தது. 1961-இல் அவர் இறந்துவிட்டார், 1962-இல் திறந்தார்கள்.

ஸ்ரீராம்: ஈரோ!

ரமணி: ஏன் கத்துகிறாய்?

ஸ்ரீராம்: சித்தப்பா, அமெரிக்கக் குறுக்கெழுத்தில் டி.டபிள்யூ.ஏ. அளவுக்கு ஈரோவும் வருவார். ஆங்கிலத்தில் நான்கு எழுத்து, அதில் மூன்று உயிரெழுத்து. புதிர் அமைப்பவர்களுக்கு வரப்பிரசாதம். எழுப்பியவரும் உரிமையாளரும் ஒரே கட்டத்தில் குடியிருக்கிறார்கள். எனக்கு இவ்வளவு நாள் இது தோன்றவில்லை.

உமா: செயின்ட் லூயிசின் பெரிய வளைவும் அவர் வடிவமைத்ததுதான். 1965-இல் கட்டி முடித்தார்கள்.

காவ்யா: ஹோட்டலை 2019 மே மாதம் திறந்தார்களாம். கூரை நான்கு ஓடுகளாகப் பிரிந்து நிற்கிறது, நடுவே கண்ணாடி இடைவெளி வழியாக வெளிச்சம் விழும். உள்ளே சுவர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது, எல்லாம் வளைந்து வளைந்து ஒன்றோடொன்று கலந்துவிடும். இருக்கைப் பள்ளம் முழுக்க மிளகாய்ச் சிவப்பு. புறப்பாட்டுப் பலகை பழைய மாதிரி, தகடுகள் படபடவென்று புரண்டு ஊர்ப் பெயர் மாறும். நான் அதன்முன் வெகுநேரம் நின்றேன்.

பாலு: அதில் பம்பாய் வந்ததா?

காவ்யா: அதைக் கவனிக்கவில்லை, பெரியப்பா. அடுத்த முறை போகும்போது பார்த்துச் சொல்கிறேன்.

ரமணி: காவ்யா, நீ சொன்னதில் இருந்துதான் எனக்கு ஒன்று தெளிவாகிறது. உன் வயதுக்காரர்களுக்கு அந்தப் பெயர் ஹோட்டலாகத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் குறிப்பும் அந்தப் பக்கத்திலிருந்து வரலாமே?

ஸ்ரீராம்: வரலாம். ஆனால் எனக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. அக்கா மாட்டிக்கொண்டது குறிப்பினால் மட்டும் அல்ல. டபிள்யூ கட்டத்தில் இரண்டு பெயர்ச்சொற்கள் குறுக்கிட்டன. இரண்டில் ஒன்றாவது தெரிந்தால்தான் உண்டு, ஊகிக்க வழியே இல்லை. 2008-இல் நியூயார்க் டைம்ஸ் புதிர் ஒன்றில் பாஸ்டன் மாரத்தான் வழியில் உள்ள நேட்டிக் என்ற ஊரும் என்.சி. வையெத் என்ற ஓவியரும் "என்" என்ற ஆங்கில எழுத்தில் குறுக்கிட்டார்கள். பலருக்கு அந்த ஒரு கட்டம் காலியாகவே நின்றது. அன்றிலிருந்து இப்படிப்பட்ட அநியாயமான குறுக்கீட்டுக்கு நேட்டிக் என்றே பெயர். அந்த என்.சி. வையெத்தின் மகன்தான் அக்காவை மடக்கிய ஆண்ட்ரூ.

காவ்யா: அப்பனும் மகனும் சேர்ந்து எத்தனை பேரை நிறுத்தியிருக்கிறார்கள்!

பாலு: அது நியாயமான பேச்சு. பெயருக்குக் குறுக்கே பெயர் வைக்காதே. அதற்காக ஒரு பெயரையே ஒழிக்க வேண்டுமா? சரி, ஆளுக்கொரு குறிப்பு சொல்லுங்கள். நான் தொடங்குகிறேன்: "ஹியூஸ் தானே ஓட்டிக் காட்டிய கான்ஸ்டலேஷனின் நிறுவனம்".

ஸ்ரீராம்: நன்றாக இருக்கிறது, அப்பா. ஆனால் ஹியூஸை நிறையப் பேர் ஏற்கெனவே பயன்படுத்திவிட்டார்கள்.

உமா: "செயின்ட் லூயிசில் தனக்காகப் போட்ட ஓடுபாதையைக் காணாமலே மறைந்த நிறுவனம்".

ரமணி: உமா, இதுதான் குறிப்பு! விடை தெரியாதவன்கூட அடுத்த நிமிடம் தேடிப் படிப்பான்.

ஸ்ரீராம்: அத்தை, நாளிதழில் இவ்வளவு நீளத்துக்கு இடம் கிடைக்காது. வார இறுதிப் புதிரில் வேண்டுமானால் வைக்கலாம்.

காவ்யா: என்னுடையது: "ஈரோ கட்டிய கூரையின் கீழ் இப்போது ஹோட்டலாக இருக்கும் பெயர்".

ரமணி: இதில் வயதானவருக்கும் வழி இருக்கிறது, இளையவருக்கும் வழி இருக்கிறது. எனக்கு இதுவே பிடித்திருக்கிறது.

ஸ்ரீராம்: ஒப்புக்கொள்கிறேன். அதே புதிரில் ஈரோ விடையாக வரக்கூடாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். டி.டபிள்யூ.ஏ.வை மறுபடியும் பட்டியலில் சேர்க்கிறேன். மதிப்பெண் ஐம்பது.

பாலு: ஐம்பது போதாது.

ஸ்ரீராம்: அப்பா, அமைப்பவருக்கு அது எளிதாகக் கைக்கு வந்துவிடக்கூடாது. ஐம்பது என்றால் வேறு நல்ல சொல் கிடைக்காதபோதுதான் மென்பொருள் காட்டும். அப்படி வரும்போது அத்தையின் குறிப்பையோ அக்காவின் குறிப்பையோ போடுவேன், "பழைய விமான நிறுவனம்" என்று எழுத மாட்டேன். டபிள்யூவுக்குக் குறுக்கே இன்னொரு பெயர் வந்தால் மூலையையே பிரித்து மறுபடி கட்டுவேன்.

பாலு: சரி, அறுபது போடு.

ஸ்ரீராம்: ஐம்பத்தைந்து.

உமா: அண்ணா, விடுங்கள். ஐம்பத்தைந்து நல்ல எண்தான்.